சயனோடைப் பிரிண்டைக் கழுவிக் காயவைத்த கதை

சயனோடைப் என்பது இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளை வெயிலில் வைத்து நீல நிறப் படம் எடுக்கும் பழைய முறை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாளில் கரைசல் பூசுவதையும் வெயிலில் வைப்பதையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் 'தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிக்குள்தான் பாதி வேலை இருக்கிறது. கரைசல் அதேதான், தாள் அதேதான், நெகட்டிவும் வெயிலும் அதேதான். ஆனால் கழுவும் விதம் மாறினால் படமே வேறு மாதிரி வருகிறது. அதனால் இந்தத் தடவை ஒரு கட்டுப் பிரிண்டுகளைக் கழுவிப் பார்ப்பதற்கும் காயவைத்துப் பார்ப்பதற்கும் மட்டுமே ஒதுக்கினேன். கவனித்ததையெல்லாம் உடனுக்குடன் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

பூசியது வழக்கமான கரைசல்தான். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் (பச்சை நிறத்தில் வருமே, அது), இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. பூசுவதற்குச் சற்று முன்னால் இரண்டையும் சம அளவில் கலந்தேன். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, தடித்த) பருத்தித் தாள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க மெல்லிய தாள் கொஞ்சம். படத்துக்கு ஒரு பெரணி இலை, ஒரு ஃபிலிம் நெகட்டிவ். நெகட்டிவின் ஓரத்தில், கறுப்பிலிருந்து தெளிவு வரை படிப்படியாக இறங்கும் சாம்பல் பட்டை ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். கழுவும்போது எந்தப் படி மறைகிறது, எது நிற்கிறது என்று சொல்ல இந்தப் பட்டை மாதிரி உதவியான பொருள் வேறில்லை. இலையை வைத்துக்கொண்டு 'கொஞ்சம் வெளிறிவிட்டதோ' என்று ஊகிக்கத்தான் முடியும். பட்டை இருந்தால் எத்தனை படி போயிற்று என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

முதலில், கழுவும்போது என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாகிறது (இவை இரண்டும் இரும்பின் இருவேறு நிலைகள்). அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. இந்த நீலம் தண்ணீரில் கரையாது. கதிர் படாத இடத்தில் இரண்டு உப்புகளும் பூசியபடியே இருக்கும். அவை நன்றாகக் கரையும். ஆக, தண்ணீர் கரைவதைக் கொண்டுபோய்விட்டால் மிச்சம் இருப்பது படம். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் இந்த முறையைக் கண்டுபிடித்தபோதே இதற்குத் தண்ணீர் போதும் என்பதுதான் இதன் பெரிய வசதியாக இருந்தது. வெள்ளி உப்பில் எடுக்கும் படத்தை நிலைப்படுத்த ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) வேண்டும், அந்த ஹைப்போவைப் போக்க மறுபடி நெடுநேரம் கழுவ வேண்டும். இதில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அடுத்த வருடமே ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் படமெடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். அந்தப் பக்கங்கள் இன்றும் நீலமாகத்தான் இருக்கின்றன.

ஆனால் 'கரையாது' என்று சொன்னேனே, அதில் ஒரு சங்கதி இருக்கிறது. பிரஷ்யன் நீலம் கரையாதே தவிர, அதன் துகள் மிக மிக நுண்மையானது. தாளின் நாருக்குள் சரியாகப் பற்றிக்கொள்ளாத துகள் தண்ணீரில் மிதந்து போய்விடும். இன்னொன்று, காரத்தன்மை இந்த நீலத்துக்குப் பரம எதிரி. காரமான நீர் பட்டால் நீலம் சிதைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகி, மங்கிய மஞ்சள் பழுப்பாக நின்றுவிடும். கழுவும் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: உப்பு போக வேண்டும், நீலம் போகக் கூடாது.

கழுவும் இடத்தில் வெளிச்சம் மட்டாக இருக்க வேண்டும். சாதாரண அறை விளக்கு பரவாயில்லை, ஜன்னல் வெளிச்சம் நேராக விழக் கூடாது. முதல் தண்ணீர் உப்பை வெளியேற்றி முடிக்கும்வரை வெள்ளைப் பகுதிகள் இன்னும் ஒளி உணர்வோடுதான் இருக்கின்றன. தட்டுகள் பிளாஸ்டிக். எனாமல் பெயர்ந்த இரும்புத் தட்டு வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த இடத்திலிருந்து இரும்பு இறங்கி, தாளில் இருக்கும் ஃபெரிசயனைடைத் தொட்டால் அங்கே ஒரு நீலப் புள்ளி நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். தாளைவிட எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலம் கூடுதலாக இருக்கிற தட்டாகப் பார்த்துக்கொண்டேன். சமையலுக்குப் பயன்படும் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சோதனை முதல் தண்ணீரைப் பற்றியது. சாம்பல் பட்டை உள்ள பிரிண்டை நெடுக்கில் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி நேராகக் குழாய்த் தண்ணீரில். மறுபாதி, லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில். இரண்டையும் ஒரே நேரம் அலசி, அடுத்து ஒரே மாதிரி சுத்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். காய்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடர்ந்த நீலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மெல்லிய நீலத்தில்தான் வித்தியாசம். குழாய்த் தண்ணீர்ப் பாதியில் வெள்ளையாகிவிட்ட படிகள் அமிலப் பாதியில் லேசான நீலமாக நிற்கின்றன. பெரணி இலையை எடுத்துக்கொண்டால், இலையின் நடு நரம்புக்கும் அதன் ஓரச் செதில்களுக்கும் இடையிலான நிற ஏற்ற இறக்கம் அமிலத்தில் கழுவியதில் தெரிகிறது. மற்றதில் இலை வெறும் வெள்ளை உருவமாக நிற்கிறது.

வெள்ளை உருவம்தான் வேண்டும் என்றால் குழாய்த் தண்ணீரே போதும், அதிலும் ஓர் அழகு இருக்கிறது. ஃபிலிம் நெகட்டிவிலிருந்து முகம் மாதிரி ஒன்றை எடுப்பதாக இருந்தால் அமிலம் இல்லாமல் நான் இனிமேல் கழுவ மாட்டேன். நம் குழாயில் வருவது பெரும்பாலும் கடின நீர். அதில் பைகார்பனேட் இருக்கும், கொஞ்சம் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். அமிலம் அந்தச் சாய்வைத் திருத்துகிறது. சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் வெள்ளைப் பகுதியில் இரும்பு படிந்து மஞ்சள் கறையாகத் தங்குவதும் குறைகிறது. சிட்ரிக் அமிலம் இல்லாவிட்டால் வீட்டு வினிகரைத் தண்ணீரில் கலந்தும் செய்யலாம், வேலை நடக்கும். அறை முழுக்க வாடை அடிக்கும், அவ்வளவுதான். வினிகரின் அளவைக் கூட்டக் கூட்ட நடுத்தர நீலங்கள் கூடும், படத்தின் முரண், அதாவது அடர்ந்த பகுதிக்கும் வெளிறிய பகுதிக்கும் உள்ள வேறுபாடு, குறையும். ரொம்பக் கூட்டினால் படம் தட்டையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. அமிலம் என்றால் இந்த மாதிரி மென்மையான அமிலம்தான். கழிவறை கழுவும் ஆசிட் போன்ற வீரியமான எதையும் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ஃபெரிசயனைடு தன்னளவில் பெரிய நஞ்சு இல்லை. ஆனால் வீரியமான அமிலமும் சூடும் சேர்ந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு வர வாய்ப்பிருக்கிறது.

மெல்லிய தாளை அமிலத் தண்ணீரில் போட்டபோது அதன் பின்புறம் பொடிப் பொடியாகக் குமிழ் கட்டியது. தாளில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்று அர்த்தம். ஓவியத் தாள் பலவற்றில் பல வருடம் பழுக்காமல் இருப்பதற்காக அதைச் சேர்ப்பார்கள். மற்ற வேலைகளுக்கு நல்லது, நமக்கு ஆகாது, காரம் அல்லவா. இந்த மாதிரித் தாள் ஒவ்வொன்றும் தட்டில் உள்ள அமிலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் ஒரே அமிலத் தண்ணீரில் வரிசையாகக் கழுவிக்கொண்டே போனால், கடைசித் தாளுக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். கார்பனேட் சேர்க்காத தாள் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

இனி தாளைத் தண்ணீரில் இறக்கும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பாலான கறைகள் பிறக்கின்றன.

தாளைத் தயங்கித் தயங்கி இறக்கினால், தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். படத்தில் அது கடைசிவரை தெரியும். தட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கித் தண்ணீரை ஒரு பக்கமாகச் சேர்த்து, தாளைக் காலியான பக்கத்தில் வைத்துத் தட்டைக் கீழே விட்டால், தண்ணீர் ஒரே அலையாகத் தாளின் மேல் ஏறிவிடும். உடனே அரை நிமிடம் தட்டை மெதுவாக ஆட்டிவிட்டு, தாளைக் கவிழ்த்துப் போடுகிறேன். பூசிய முகம் கீழே. இதுதான் நான் மாற்றிக்கொண்டதிலேயே பெரிய பலன் தந்தது. முகம் மேலே இருந்தால், கரைந்து வரும் உப்பும் உதிர்ந்து வரும் நீலத் துகளும் தாளின் மேலேயே மிதந்து, வெள்ளைப் பகுதியில் மறுபடி படிகின்றன. கவிழ்த்துப் போட்டால் அவை கீழே இறங்கிவிடுகின்றன. வெள்ளைத் தட்டாக இருந்தால் தாளின் ஓரத்திலிருந்து மஞ்சள் பச்சை நிறம் புகை போல இறங்கித் தட்டின் அடியில் பரவுவது நன்றாகத் தெரியும். அந்தப் புகை எங்கே அடர்த்தியாக வருகிறதோ அங்கே கரைசல் தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தூரிகை திரும்பிய ஓரங்களில் எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும்.

கவிழ்த்துப் போடுவதில் ஒரு சிக்கல், காற்றுக் குமிழ். தாளுக்கு அடியில் ஒரு குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் தண்ணீர் படாது. பிற்பாடு பார்த்தால் வட்டமாக ஒரு மஞ்சள் பொட்டு. அதனால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் வழிய விட்டு, மறுபடி கவிழ்க்க வேண்டும். மூலையை மட்டும்தான் பிடிக்க வேண்டும். நனைந்த பருத்தித் தாளின் மேற்பரப்பு மிக மென்மையாக இருக்கும்; நீலப் பகுதியில் விரலை அழுத்தி இழுத்தால் நாரோடு நிறமும் கிளம்பிவிடும். மெல்லிய தாளைத் தனியாகத் தூக்கவே பயமாக இருந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து, தாளையும் ஷீட்டையும் சேர்த்தே தூக்கினேன், கிழியவில்லை.

குழாயை நேராகத் தாளின் மேல் திறந்துவிடுவது வேண்டாம். வேண்டுமென்றே ஒரு துண்டை அப்படி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் விழுந்த இடத்தில் நீலம் மெலிந்து, அங்கிருந்து ஓடிய திசையில் ஒரு வெளிறிய பட்டை விழுந்திருந்தது. ஓடும் தண்ணீர்தான் வேண்டும் என்றால், குழாயில் ஒரு டியூபை மாட்டித் தட்டின் ஓரத்தில் விடலாம். நான் அதையும் விட்டுவிட்டு, தட்டுத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றுவதற்கே வந்துவிட்டேன். தண்ணீர் செலவும் குறைவு; ஒவ்வொரு தண்ணீரும் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கவும் முடிகிறது.

அந்த நிறத்தைப் பார்ப்பது ரொம்ப முக்கியம். முதல் தண்ணீர் மஞ்சள் பச்சையாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. முதல் தண்ணீரே நீலமாக இருந்தால் வேறு எங்கோ கோளாறு. லேசான நீலம் எப்போதும் வரும், அதற்குப் பதற வேண்டாம். மேகம் மேகமாக நீலம் வந்தால், பெரும்பாலும் வெயில் போதாமல் நீலம் தாளுக்குள் ஊன்றாமல் மேலோடு நின்றிருக்கும். அல்லது கரைசலைத் தேங்குகிற அளவுக்குப் பூசியிருப்போம். அல்லது கலந்த கரைசல் பழசாகி அதற்குள்ளேயே நீலத் துகள் உருவாகியிருக்கும். மேற்பரப்பில் பசைப்பூச்சு அதிகமுள்ள தாளிலும் இப்படி நடக்கும், கரைசல் நாருக்குள் இறங்காது. இந்தக் கோளாறு எதையும் கழுவிச் சரிசெய்ய முடியாது. ஆனால் வெள்ளையையாவது காப்பாற்றலாம்: தாளைக் கவிழ்த்து, தண்ணீரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றினால் போகிற நீலம் வெள்ளையில் ஒட்டாமல் போகும். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டாம். உப்பு சீக்கிரம் போகும் என்று தோன்றும். தாளின் பசைப்பூச்சும் கூடவே இளகிவிடும்.

எப்போது நிறுத்துவது? புத்தகங்களில் ஐந்து நிமிடம், இருபது நிமிடம் என்று ஏதேதோ கணக்கு இருக்கும். தாளின் தடிமன் மாறினால் கணக்கும் மாறும். 300 ஜிஎஸ்எம் தாளுக்கு, தண்ணீரை நாலைந்து தடவை மாற்றி, கால் மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. மெல்லிய தாள் அதில் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நேரத்தை நம்புவதைவிட நான் நம்புவது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை. பிரிண்டை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, கீழ் மூலையிலிருந்து வடியும் கடைசிச் சொட்டுகளை அந்தத் தட்டில் பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே அதே அளவு நல்ல தண்ணீரையும் விட்டு ஒப்பிட வேண்டும். சொட்டில் மஞ்சள் சாயல் தெரிகிறதா என்று தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படும். இரண்டாவதாக, தாளைப் பின்புறமிருந்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். வெள்ளைப் பகுதியின் உட்புறத்தில் மஞ்சள் தங்கியிருந்தால் முன்பக்கம் தெரியாவிட்டாலும் இப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னும் உறுதி வேண்டும் என்பவர்களுக்கு: புதிதாகக் கரைத்த ஃபெரஸ் சல்பேட் கரைசலில் ஒரு சொட்டை அந்த வடிநீரில் விட்டால், ஃபெரிசயனைடு மிச்சம் இருக்கும் பட்சத்தில் நீலம் தோன்றும். எதுவும் தோன்றாவிட்டால் தாள் சுத்தம். பிரிண்டுக்குப் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது, ஒரு சொட்டு தெறித்தால் போச்சு. இரும்பு அதிகமுள்ள கிணற்று நீரில் கழுவும்போது வெள்ளை முழுவதும் லேசான நீலப் பனி படர்வதும் இதே வேதிவினைதான். தண்ணீரில் உள்ள ஃபெரஸ் இரும்பு, தாளில் மிச்சமுள்ள ஃபெரிசயனைடைச் சந்திக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் முதல் இரண்டு கழுவலுக்காவது சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துவது நல்லது. ஃபெரிசயனைடு போன பிறகு எந்தத் தண்ணீரானாலும் அவ்வளவு ஆபத்தில்லை.

அதிகம் கழுவினால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒரு பாதியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தேன். அடர் நீலம் அசையவில்லை. மெல்லிய படிகள் ஒவ்வொன்றாக வெளிறின. நெகட்டிவின் மேகக் காட்சியில் இருந்த லேசான நீலம் பாதி போய்விட்டது. 'எதற்கும் இன்னும் கொஞ்சம் கழுவுவோம்' என்கிற எண்ணம் இந்த வேலையில் உதவாது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. படம் வெளிறினால் எல்லோரும் முதலில் வெயில் நேரத்தைக் கூட்டுகிறார்கள். அடுத்த தடவை கழுவும் விதம் கொஞ்சம் மாறியிருக்கும், படம் கறுத்துவிடும். உடனே நேரத்தைக் குறைக்கிறார்கள். இப்படியே போனால் எந்தக் காலத்திலும் நேரம் பிடிபடாது. கழுவும் முறையை முதலில் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும்: அதே அமில அளவு, அதே அளவு தண்ணீர், அதே எண்ணிக்கையில் மாற்றுவது. அப்புறம்தான் வெயில் நேரத்தைத் தொட வேண்டும். தண்ணீர் கொஞ்சம் நீலத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தப் பங்கு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருந்தால், அதற்குச் சேர்த்து வெயில் கொடுத்துவிடலாம். வெயிலிலிருந்து எடுக்கும்போது அடர்ந்த பகுதிகள் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் வெள்ளியாகத் திரும்பியிருந்தால் சரியான அளவு என்பது என் அனுபவம்.

அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்பவர்கள் படம் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை. கதிர் அதிகம் பட்ட இடத்தில் பிரஷ்யன் நீலமே மேலும் ஒடுக்கம் அடைந்து, கிட்டத்தட்ட நிறமில்லாத பிரஷ்யன் வெள்ளையாகிவிடுகிறது. கழுவிய பிறகும் அந்த இடம் சுற்றியுள்ள நீலத்தைவிட வெளிறித் தெரியும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டால் தானாகவே திரும்பும். சீக்கிரம் வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடு: மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அதில் தாளை இறக்கினால், சில விநாடிகளில் கண்முன்னே நீலம் அடர்ந்து எழும். பார்க்க வித்தை மாதிரிதான் இருக்கும். கட்டட வரைபடங்களை நீலத் தாளில் எடுத்த காலத்தில் இதே வேலைக்குப் பொட்டாசியம் டைக்ரோமேட் பயன்படுத்தினார்கள். அது புற்றுநோய் வரவழைக்கும் நஞ்சு, இன்று அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் பெராக்சைடு புதிதாக எந்த நீலத்தையும் சேர்ப்பதில்லை. ஒரு துண்டை அதில் நனைத்தும் இன்னொன்றை நனைக்காமலும் காயவைத்து, மறுநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. சோதனைத் துண்டுகளுக்கு மட்டும்தான் இப்போது அதைப் பயன்படுத்துகிறேன், உடனே முடிவெடுக்க உதவுகிறது. நல்ல பிரிண்டுகளைக் காற்றுக்கே விட்டுவிடுகிறேன்.

காயவைப்பதற்கு இரண்டு வழியையும் பார்த்தேன், கொடியில் தொங்கவிடுவது, வலையில் படுக்கவைப்பது. தொங்கவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும். ஆனால் வடிந்ததெல்லாம் கீழ் ஓரத்தில் வந்து சேரும். கழுவியதில் சிறிது குறை இருந்தாலும் அந்தக் குறை முழுவதும் கடைசிச் சொட்டில் சேர்ந்து, கீழ் மூலையில் பிறை வடிவத்தில் மஞ்சளாகக் காயும். ஒரு மூலையில் மட்டும் கிளிப் போட்டுச் சாய்வாகத் தொங்கவிட்டு, சொட்டுவது நிற்கும் நேரத்தில் அந்தக் கீழ் மூலையை ஒற்றுத்தாளால் தொட்டு எடுத்துவிட்டால் பிறை வராது. ஒற்றுத்தாளில் மஞ்சள் ஏறியிருந்தால் பிரிண்டை மறுபடி தண்ணீரில் போட்டுவிட வேண்டியதுதான். கிளிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மரக் கிளிப்பிலும் நடுவே இரும்புச் சுருள் இருக்கிறது, தண்ணீர் அதைத் தொட்டுவிட்டு இறங்கினால் துருக் கோடுதான்.

படுக்கவைப்பதற்கு, சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை. முகம் மேலே. மேலே நிற்கிற நீர்த்துளிகளை முதலில் ஒற்றியெடுக்க வேண்டும். துளி நின்ற இடம் மெதுவாகக் காய்ந்து, கடின நீராக இருந்தால் சுற்றி ஒரு வெள்ளை வளையம் விழும். ஒற்றுவது என்றால் தாளை மேலே வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தி எடுப்பது, தேய்ப்பது கிடையாது. தடித்த தாளுக்கு வலை நல்லது, மெல்லிய தாளுக்கு அதைவிடவும் நல்லது, ஏனென்றால் தொங்கும்போது ஈரத்தின் கனத்திலேயே கிளிப் இருக்கும் இடம் இழுபட்டுச் சுருங்குகிறது. இடம் இல்லாதவர்களுக்குக் கொடிதான் வழி.

வெயிலில் காயவைக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. முழுக்கக் கழுவியிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. கடும் ஒளியில் பிரஷ்யன் நீலம் கொஞ்சம் மங்கும், இருட்டில் காற்றோட்டமாக வைத்தால் மீண்டுவிடும். கழுவியதில் குறை இருந்தால்தான் பிரச்சினை. மிச்சமிருந்த உப்பு வெயிலில் வேலை செய்யத் தொடங்கி, வெள்ளையெல்லாம் நீலமாகிவிடும். அந்த நீலத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. நிழலில் காயவைத்தால், மஞ்சள் தெரிந்ததும் மறுபடி கழுவிக்கொள்ளலாம், ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. மின்விசிறிக் காற்று பரவாயில்லை, தாள் ஆடி எதிலும் மோதாமல் இருந்தால் சரி. ஹேர் டிரையரைச் சோதனைத் துண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரிய தாளில் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாக இருந்து, அலை அலையாக வளைந்துவிடுகிறது.

காயக் காயப் படம் அடர்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஈரத்தில் பார்த்து 'இது போதாது' என்று முடிவு செய்த பிரிண்ட், மறுநாள் காலையில் நிழல் பகுதியில் விவரமே தெரியாத அளவுக்குக் கறுத்திருக்கும். ஈரப் பிரிண்டைப் பார்த்து அடுத்ததற்கு வெயில் நேரம் முடிவு செய்வது வீண். நான் இப்போது ஒரு நாள் பிரிண்ட் எடுத்தால் அதைப் பற்றிய குறிப்பை மறுநாள்தான் எழுதுகிறேன். பின்பக்கத்தில் பென்சிலால், கழுவும் முன்பே, வெயில் நேரத்தையும் எந்தத் தட்டு என்பதையும் குறித்துவிடுகிறேன். பேனா மை தண்ணீரில் ஓடும், பென்சில் ஓடாது.

வளைவை எடுப்பதற்கு, தாள் தொட்டால் சில்லென்று இருக்கிற கட்டத்தில், அதாவது முழுக்கக் காய்வதற்கு முன், இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கிவைக்கிறேன். மறுநாள் ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும், ஈரம் அதில்தான் ஏறியிருக்கும். முழுக்கக் காய்ந்து சுருண்டுவிட்ட தாள் என்றால், பின்பக்கம் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் கழித்து இதே மாதிரி அழுத்தத்தில் வைத்தால் படிந்துவிடுகிறது.

காய்ந்த பிறகு மஞ்சள் ஓரம் தெரிந்த ஒன்றிரண்டு பிரிண்டுகளை மறுபடி நனைத்து, சிட்ரிக் அமிலத் தண்ணீரில் ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மாற்று என்று கழுவினேன். மஞ்சள் முழுக்கப் போய்விட்டது, நீலத்தில் இழப்பு ஏதும் தெரியவில்லை. அதற்குள் வெளிச்சத்தில் கிடந்து ஓரம் பச்சை கலந்த நீலமாக மாறிவிட்ட துண்டு மட்டும் அசையவில்லை.

சேமிப்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி. காரம் சேர்த்த உறைகளும் டிஷ்யூவும் வேண்டாம். பழைய புகைப்படங்களைப் பாதுகாக்க விற்கும் உறைகளில் பல கார்பனேட் சேர்த்ததாகத்தான் இருக்கின்றன. மற்ற படங்களுக்கு அது பாதுகாப்பு, சயனோடைப்புக்கு மெல்லக் கொல்லும் விஷம். காரம் சேர்க்காதது என்று கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாகத் தட்டு கழுவுவது. தட்டிலும் சிங்க்கிலும் நகக்கணுவிலும் ஏறிய நீலம் சோப்புக்குப் போகாது. சலவை சோடா கலந்த தண்ணீரில் ஊறவிட்டால் நீலம் பழுப்பாக மாறும், பின் கொஞ்சம் சிட்ரிக் அமிலத் தண்ணீரால் துடைத்தால் அந்தப் பழுப்பும் போய்விடும். சோடா போட்ட தட்டை இந்த அமிலத் துடைப்பு இல்லாமல் அடுத்த பிரிண்டுக்கு எடுக்கவே கூடாது. பிரிண்ட் தொங்கும் கொடிக்குப் பக்கத்தில் சலவைத் தூளைத் திறப்பதும் நல்லதல்ல. ஈரத் தாளில் ஒரு துகள் விழுந்தால் அங்கே ஒரு மஞ்சள் ஓட்டை. அடுத்த கட்டு பருத்தித் துணியில்தான். அதை எந்தச் சோப்பில் துவைப்பது என்பதையும் இந்தச் சோடாக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.